இடது விலா

மருத்துவக் கல்லூரியில் முதல் வகுப்பு. பேராசிரியர் அருமைநாயகம் ஒவ்வொருவரிடமும் அப்பாவின் தொழிலைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"கறிக்கடை சார்" என்றாள் செல்லக்கிளி. வகுப்பு சிரித்தது.

அவர் ஒரு விலா எலும்பை நீட்டினார். "மனுஷ எலும்பு. இடதா, வலதா? தப்பாச் சொன்னா கடைக்கே போயிடும்மா."

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இடது சார்."

அவர் முகம் சுருங்கியது. "சரிதான். பத்து வருஷமா இதை வச்சு எத்தனை பேரை அழ வச்சிருக்கேன். நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தினமும் பார்க்கிறதுதானே சார். ஆட்டுக்கு இடது விலா இப்படித்தான் இருக்கும். முனையில வெட்டுக்கத்தி பட்ட தடம்கூட இருக்கு, பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பின்னால் நின்ற, வகுப்புக்கு எலும்பு வாங்கி வரும் அட்டெண்டர் தலை குனிந்துகொண்டார்.

அன்றைக்கு வகுப்பை விட்டு வெளியே போனது அந்த எலும்பு மட்டும்தான்.