கேரியரில் வந்த பெரிய மனுஷர்

மாநகராட்சி அலுவலகத்துக்குச் சைக்கிளில் டீ கொண்டுபோகிறவள் மரகதம். ஒருநாள் மினிபஸ் உரசியதில் டீ கேனோடு சாக்கடையில் விழுந்தாள். எழுந்தவள் நேராக மேயர் ஏகாம்பரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, சைக்கிளுக்குன்னு தனிப்பாதை போட்டுக் குடுங்க."

மேயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சைக்கிள்ல எவன் போறான்? பெரிய மனுஷன் ஒருத்தனை அதுல கூட்டிட்டு வா, அன்னைக்கே உத்தரவு போடறேன்!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"இந்த ஏகாம்பரமா?"

அடுத்த முகூர்த்த நாளில் ஒரு கல்யாணத்துக்கு மேயர்தான் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஊரெல்லாம் போஸ்டர். முகூர்த்தம் என்றால் மண்டபத் தெருவில் கார் நகராது. மரகதம் தெருமுனையில் காத்திருந்தாள். நினைத்தபடியே மேயரின் கார் மாட்டிக்கொண்டது. நல்ல நேரம் நழுவ நழுவ அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஏறுங்கய்யா."

வேறு வழி? கேரியரில் ஏறினார். நெரிசலை விட்டுவிட்டுப் பெரிய ரோடு வழியாகச் சுற்றினாள் மரகதம். ஒரு பஸ் சட்டையை உரசிக்கொண்டு போனது. மேயர் அலறினார்.

"ஏம்மா, ஓரமாப் போயேன்!"

"ஓரம் எங்கய்யா இருக்கு?"

மண்டப வாசலில் நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மரகதம் ஸ்டாண்டு போட்டு, மணியடித்து, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"ஐயா கேட்ட பெரிய மனுஷரைச் சைக்கிள்ல கூட்டிட்டு வந்துட்டேன்!"

அத்தனை பேர் முன்னால், 'நான் பெரிய மனுஷன் இல்லை' என்று ஏகாம்பரம் சொல்வாரா?

இப்போது மேயர் போட்டுக் கொடுத்த சைக்கிள் பாதையில் குறுக்கே யாரும் வருவதில்லை. இருந்தாலும் மரகதம் மணியடித்துக்கொண்டேதான் போகிறாள்.