பின்னால் பார்த்து மலையேறிய வெள்ளச்சி

மலைகளுக்குக் காது கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு ராஜ்ஜியம், அதன் ஓரத்தில் ஒரு மலை. மூன்று அடுக்காக நின்றதால் மூவடுக்கு மலை என்று பெயர். அடிவாரத்து ஊரில் உடையப்பன் என்ற சுமைகாரனும் அவன் மனைவி காத்தாயியும் இருந்தார்கள். அவர்களுக்குச் செம்பான் என்று ஒரு மகன், வெள்ளச்சி என்று ஒரு மகள்.

வெள்ளச்சிக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் நிற்காது. ஆனால் கண் பருந்துக் கண், வாய் அதைவிடக் கூர்மை. ஒரு நாள் அவள் அண்ணனிடம், மலை உச்சியில் என்ன இருக்கிறது, என்னையும் கூட்டிப் போவாயா என்று கேட்டாள். வழி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து உன்னைத் தூக்கிப் போகிறேன் என்று செம்பான் ஏறினான். ஏறியவன் ஏறியவன்தான்.

அந்த மலையில் பின்னடியான் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். மலை ஏறுகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே நடப்பான், தெரிந்த குரலில் கூப்பிடுவான். யார் திரும்பிப் பார்த்தாலும் கல். அப்படித் திரும்பாமல் உச்சி வரை போனவனும், இறங்குவதற்குத் திரும்பித்தானே ஆக வேண்டும்? அங்கேயே கல். அடிவாரத்தில் எல்லோரும் கேட்ட கதைதான், செம்பான்தான் நம்பவில்லை.

ஊர் என்ன சொல்லியது தெரியுமா? நாட்டாண்மை இருளப்பன் தெருவில் நின்று சொன்னான், அந்த நொண்டிக் குட்டி ஆசைப்பட்டதால்தான் ஆண்பிள்ளை போனான் என்று. சொன்னவன் பெயரை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்காதீர்கள்.

காத்தாயி அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தாள். மகனை மீட்டு வரப் புருஷனும் பெண்சாதியும் கிளம்பினார்கள். பெண்ணை விட்டுவிட்டுப் போங்கள், பாரம் எதற்கு என்று இருளப்பன் வழியை மறித்தான்.

"ஐயா, ஊர் மூட்டையெல்லாம் சுமந்த முதுகு இது," என்றான் உடையப்பன். "என் மகளை மட்டும் பாரம்னு சொல்லாது."

ஒரு பிரம்பு நாற்காலியை முதுகில் கட்டி, நெற்றியில் வார் மாட்டினான். சுமைகாரர்கள் நோயாளிகளைத் தூக்குவது அப்படித்தான். தூக்குகிறவன் முதுகும் உட்கார்ந்தவர் முதுகும் ஒட்டி இருக்கும். அவன் முன்னால் பார்ப்பான், இவர் பின்னால் பார்ப்பார். காத்தாயி அரிவாளால் முள்ளை வெட்டிக்கொண்டு முன்னே போனாள். அவள் இடுப்பையும் அவன் இடுப்பையும் ஒரு கயிறு சேர்த்திருந்தது.

முதல் அடுக்கில் பின்னாலிருந்து நாட்டாண்மையின் குரல் அதட்டியது. "நில்லுடா உடையப்பா." அந்தக் குரலுக்கு நின்று நின்றே பழகிய கழுத்து லேசாக அசைந்தது.

"திரும்பாதீங்க, நான் பார்த்துக்கிறேன்," என்றாள் வெள்ளச்சி. "நாட்டாண்மை இல்லைப்பா. முறம் மாதிரி காது, தாடியை இடுப்பிலே சுத்தியிருக்கான்."

அவள் திரும்பவில்லையே, அதனால் கல்லாகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து நேராகத்தான் பார்த்தாள். பின்னடியானுக்கு வியர்த்தது. முதுகையே பார்த்துப் பிழைத்தவனை முதல் முறையாக ஒரு முகம் பார்த்தது.

இரண்டாம் அடுக்கில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. காத்தாயியின் கால் தடுமாறியது.

"திரும்பாதீங்க, நான் பார்த்துக்கிறேன். குழந்தையும் இல்லை குட்டியும் இல்லை. அவன்தான் வாயைத் திறந்துக்கிட்டு அழறான். பல்லு விளக்கி ரொம்ப நாளாச்சு போல."

மூன்றாம் அடுக்கில் செம்பானின் குரல் வந்தது. "அம்மா, என்னை விட்டுட்டுப் போறியே." காத்தாயி அரிவாளைக் கீழே போட்டாள். உடையப்பன் கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

"திரும்பாதீங்க, நான் பார்த்துக்கிறேன்," என்றாள் வெள்ளச்சி. இந்த முறை அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

உச்சிக்கு வந்தார்கள். அங்கே செம்பான் கல்லாக நின்றான். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபடியே உறைந்திருந்ததால் அவன் முகம் அம்மாவுக்கு நேராக இருந்தது. காத்தாயி முந்தானையால் அந்த முகத்துத் தூசியைத் துடைத்தாள். கல் குளிர்ந்தே கிடந்தது.

பின்னடியான் இப்போது சொந்தக் குரலில், குழைந்து பேசினான். "பெண்ணே, உன் அப்பனை ஒரே ஒரு தடவை திரும்பச் சொல். மான் மாதிரி ஓடுகிற கால் தருகிறேன்."

"எனக்குக் கால் இருக்கு," என்றாள் வெள்ளச்சி. "அப்பாகிட்ட ரெண்டு, அம்மாகிட்ட ரெண்டு. அண்ணன்கிட்ட இருந்த ரெண்டைத்தான் நீ கல்லாக்கி வச்சிருக்கே. அதைக் கொடு."

அவன் சிரித்தான். இறங்கும்போது திரும்பித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தான். திரும்பாமல் இறங்க எந்தச் சுமைகாரனாலும் முடியாது. ஆனால் எந்தச் சுமைகாரனுக்கும் முதுகில் இப்படி ஒரு மகள் இருந்ததில்லை.

"அப்பா, அப்படியே பின்னாலே கால் வை. வழியை நான் சொல்றேன்."

ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். உடையப்பன் பின்னோக்கி இறங்கினான், காத்தாயியும் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே இறங்கினாள். "இடது கால் கீழே. அங்கே ஒரு வேர். இப்போ வலது." மகள் சொல்லச் சொல்ல, தகப்பன் கால் வைத்தான்.

பின்னடியானுக்கு ஒதுங்க இடமில்லை. முன்னால் போனால் அவர்கள் முதுகு கிடைக்காது, மந்திரம் போய்விடும். அதனால் அவனும் பின்னோக்கியே இறங்கினான். வெள்ளச்சி அவனை முறைத்துக்கொண்டே வந்தாள். அவன் குதிகால் சரிந்தது, ஒரு கல் உருண்டது. உடையப்பனுக்கு வழி சொல்ல மகள் இருந்தாள். அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

காலை எங்கே வைப்பது என்று பார்க்கப் பின்னடியான் திரும்பினான்.

தன் மந்திரம் தனக்கே பலித்தது. முறக்காதோடும் தாடியோடும் கல்லானான்.

மலை முழுக்கப் பாறைகள் மூச்சு விட்டன. மேலிருந்து ஒருவன் ஓடி வந்தான். மலையைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்ததால் காத்தாயிக்குத்தான் முதலில் தெரிந்தது. அவள் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"யாரு வர்றது? யாராவது சொல்லுங்களேன்," என்றாள் வெள்ளச்சி. இத்தனை நேரம் எல்லாவற்றையும் பார்த்தவளுக்கு அது மட்டும் தெரியவில்லை.

உடையப்பன் அந்த மலையில் முதல் முறையாகத் திரும்பி நின்றான். வெள்ளச்சிக்கு எதிரே அண்ணன் நின்றான்.

கல்லாகிக் கிடந்தவர்களில் ராஜாவின் தம்பியும் இருந்தானாம். ராஜா பாதையை நாற்காலி தட்டாமல் போகும்படி அகலமாக வெட்டிக் கொடுத்தார், மலைக்கு வெள்ளச்சி மலை என்று பெயர் வைத்தார், குடும்பத்துக்கு நிலமும் தந்தார். கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்தார். அது எல்லாம் பிறகு.

அன்றைக்கு அவர்கள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அப்பா, அம்மா, நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒன்றுமே பார்க்கவில்லையே என்றாள் வெள்ளச்சி. யார் தூக்குவது என்று தகப்பனும் மகனும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். தகப்பன் விட்டுக்கொடுக்கவில்லை. நாலு பேரும் மறுபடி உச்சிக்கு ஏறி, கீழே பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆறு, வயல், அரண்மனை என்று ஒவ்வொன்றாக வெள்ளச்சி விரல் நீட்டிக் காட்டினாள்.

"நாட்டாண்மை வீடு எதும்மா?" என்று கேட்டாள் காத்தாயி.

வெள்ளச்சி அந்தப் பருந்துக் கண்ணால் தேடித் தேடிப் பார்த்தாள்.

"தெரியலைம்மா. இங்கேயிருந்து ரொம்பச் சின்னதா இருக்கு."