பாதிப் பழனியின் படுக்கை

“சாமி, வழியில எதை விரிச்சுப் படுக்கிறது?” என்று கேட்டார் உடையப்பன்.

குருசாமி அழகம்மை ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மெத்தைக்கடைக்காரர் கேக்குற கேள்வியா இது?” என்றார்.

தேவகோட்டையில் உடையப்பனிடம் மெத்தை வாங்காத வீடு குறைவு. “படுத்ததும் தூக்கம், அதுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லித்தான் விற்பார். அவருடைய தூக்கத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்கவில்லை.

மனைவி நாச்சம்மைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தார். நல்லபடியாகவே முடிந்தது. நாச்சம்மை எழுந்து நடமாடினாள். போன தை மாதம் உடையப்பனும் நடந்தார். கடையிலேயே உயர்ந்த இலவம்பஞ்சு மெத்தையைச் சாமான் வேனில் ஏற்றிக்கொண்டுதான் போனார். ஆனாலும் நத்தத்தில், “படுக்கை சரியில்ல, முதுகு போச்சு” என்று பஸ் ஏறித் திரும்பிவிட்டார்.

நத்தம் பாதி வழி. ஊர் சும்மா இருக்குமா? பாதிப் பழனி என்று பேர் வைத்துவிட்டது.

பேரைக்கூடப் பொறுத்துக்கொண்டார். நாச்சம்மை விளக்கேற்றும்போதெல்லாம் முருகன் படம் தன்னையே பார்ப்பதுபோல் இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்த வருஷமும் திரும்பி வந்தால் அந்தப் படத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

அழகம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் பழனிப் பாதையில் கூட்டத்தை நடத்திப் போவது அவர்தான். மாலை போட்டுவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் சாமி. அவர் குருசாமி.

“இந்த வருஷம் சாமான் வேன் இல்ல, அவுகவுக படுக்கை அவுகவுக தோள்ல. உங்களுக்குப் பிடிச்சதைக் கொண்டாங்க சாமி, பார்ப்போம்” என்றார்.

மறுநாள் உடையப்பன் ஜமுக்காளத்தோடு வந்தார்.

“நல்லா இருக்கு. தோள்ல போட்டுக்கிட்டு ஊருணியை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க.”

சுற்றிவிட்டு வந்தார். ஜமுக்காளத்தைக் கீழே போட்டார். அதன் மேலேயே அவரும் உட்கார்ந்துவிட்டார்.

“கனம்” என்றார், மூச்சு வாங்க.

அடுத்ததாகக் கோரைப்பாய். விலை மலிவு, கனமும் இல்லை. சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஊருணியைச் சுற்றப் போனவர், பாதிச் சுற்றிலேயே திரும்பி வந்தார். பின்னால் ஒரு தயிர்க்காரம்மா திட்டிக்கொண்டே வந்தாள்.

“பாய் நல்ல பாய்தான் சாமி. ஆனா நான் திரும்புறப்ப அதுவும் திரும்புது.”

அதற்கடுத்து, காற்றடைக்கும் படுக்கை. மடித்தால் ஒரு கைப்பைக்குள் போய்விடும். விலையைக் கேட்டுத்தான் நாச்சம்மை மறுபடி படுத்துவிடுவாள் போலிருந்தது.

இதைச் சுமந்து பார்க்கச் சொல்லவில்லை அழகம்மை. “ஊதுங்க” என்றார்.

உடையப்பன் ஊதினார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, படுக்கை பாதிதான் எழும்பியது.

“இதுவும் பாதியா?” என்றார் குருசாமி. “நெருஞ்சி முள்ளு ஒண்ணு குத்துச்சுன்னா இந்தப் பாதியும் போயிரும்.”

உடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்களே சொல்லிருங்க சாமி. கனம் இருக்கக் கூடாது, காசு ரொம்ப ஆகக் கூடாது, முதுகும் வலிக்கக் கூடாது.”

“சாக்கு.”

“என்னது?”

“உரச் சாக்கு ரெண்டு. நல்லாக் கழுவிக் காயவச்சு, பிரிச்சு, ஒண்ணாச் சேத்துத் தைங்க. கீழ இருந்து ஈரம் ஏறாது. மேல ஒரு பழைய வேட்டியை விரிச்சுக்கிட்டாப் போதும். மடிச்சாக் கக்கத்துல அடங்கிரும்.”

“மெத்தைக்கடைக்காரன் சாக்குல படுக்கிறதா?”

“ஏன், போன வருஷமும் ஒண்ணு கொண்டாந்தீகளே?”

“இல்லையே. நான் மெத்தையில்ல கொண்டாந்தேன்?”

அழகம்மை விழுந்து விழுந்து சிரித்தார். எதற்கென்று சொல்லவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

உடையப்பன் கடையில் உட்கார்ந்து கோணி ஊசியால் சாக்கைத் தைத்தார். கடைக்கு வந்தவர்கள் “புது மாடலா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தொழில் தெரிந்த கை இல்லையா, ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டார். தைத்து முடித்ததும் அவருக்கே அதன் மேல் ஆசையாக இருந்தது.

தை பிறந்து கூட்டம் கிளம்பியது. தங்கிய இடத்திலெல்லாம் உடையப்பன் சாக்கில் படுத்ததும் தூங்கினார். அவர் விட்ட குறட்டையில் பக்கத்தில் படுத்தவர்களுக்குத்தான் தூக்கம் போனது.

நத்தம் வந்தது. அதே மாந்தோப்பு. வெயில் தாழும்வரை ஓய்வு. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் நிழல் பார்த்துச் சாய்ந்தார்கள். தோப்பை ஒட்டிய ரோட்டில் பஸ் வந்து நின்றது.

“காரைக்குடி, காரைக்குடி!”

போன வருஷம் இதே குரலுக்குத்தான் ஓடிப்போய் ஏறினார். இப்போது இரண்டு பாதத்திலும் கொப்புளம். உடையப்பன் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாக்கை விரித்தார்.

பக்கத்தில் ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாயழகு என்று பேர், கல்லலில் சைக்கிள் கடை. முதல் தடவையாக நடக்கிறவர்.

“முடியல சாமி” என்றார். “துண்டை விரிச்சுப் படுத்தா கல்லெல்லாம் குத்துது. படுக்கை சரியில்ல, முதுகு போச்சு. நான் பஸ் ஏறுறேன்.”

உடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசலாகப் போன வருஷம் தான் சொன்ன அதே வார்த்தை.

“ஏறாதீக சாமி. ஊர்ல பேர் வச்சிருவாக.”

“என்ன பேரு?”

“அதை ஏன் கேக்குறீக. இந்தச் சாக்குல வந்து படுங்க.”

“அப்ப உங்களுக்கு?”

“எனக்குக் கடை நெறைய மெத்தை கெடக்கு. படுங்க.”

மாயழகு படுத்தார். அடுத்த பஸ் வருவதற்குள் தூங்கிப் போனார். உடையப்பன் மாமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். வேர் இடுப்பில் குத்தியது, கண் மூடவே இல்லை. ஆனாலும் அந்த ஆளின் குறட்டையைக் கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது.

வெயில் தாழ்ந்தது. குருசாமி எல்லாரையும் எழுப்பினார். மாயழகு சோம்பல் முறித்து எழுந்தார். வேட்டியையும் சாக்கையும் அழகாக மடித்தார். மடித்ததைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “அரோகரா!” என்று முதல் ஆளாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

உடையப்பன் தன் இரட்டைத் தையல் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாய் வரவில்லை. இனி பழனி வரைக்கும் வெறுந்தரைதான். இடுப்பு வலித்தது, பாதம் எரிந்தது. ரோட்டில் மறுபடி பஸ்.

“காரைக்குடி, காரைக்குடி! ஏறுற சாமி ஏறலாம்!”

அழகம்மை எதிரே வந்து நின்றார். பஸ்ஸைப் பார்த்தார். உடையப்பனைப் பார்த்தார்.

“உங்க சாக்கு எங்க சாமி?”

உடையப்பன் வாயைத் திறந்தார். இடுப்பு, பாதம், தூக்கம் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. தூரத்தில் மாயழகின் கக்கத்தில் சாக்கு தெரிந்தது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது, ரோஜாச் செடியருகில் குருசாமி சிரித்த அதே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்டக்டர்கூட எட்டிப் பார்த்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேட்டியை உதறி எழுந்தார்.

“சாக்கு இல்ல சாமி. நடங்க.”