வியர்க்காத செவிலி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் பெயர் நமக்கு வேண்டாம். வியர்வையைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் மட்டும் போதும். வியர்க்காதவர் வேலை செய்யவில்லை என்பது அவருடைய தீர்மானமான எண்ணம்.

ஒருநாள் அவர் அந்தப்புரத்துக்குப் போனபோது, கைக்குழந்தைகளான இரட்டை இளவரசர்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். செவிலித்தாய் பொன்னாத்தாள் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு தொட்டிலைக் கையாலும், மற்றதைக் கால்விரலில் கட்டிய கயிற்றாலும் ஆட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

கருவூல அதிகாரி திருமேனியாருக்கு அது நல்ல சமயமாகப் போயிற்று. தன் மைத்துனியை அந்த வேலையில் அமர்த்த அவருக்கு நெடுநாளாக ஆசை. சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு இவ்வளவு சம்பளம் எதற்கு, புதிதாக வருகிறவள்தான் ஓடியாடி வியர்க்க வியர்க்க உழைப்பாள் என்று ராஜாவின் காதில் ஓதினார். மறுநாளே ஆணை பிறந்தது: அரண்மனையில் இனி வியர்வைக்கு ஏற்ற கூலி. பொன்னாத்தாளின் சம்பளம் பாதியானது.

ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அழுகையைக் கேட்டே பசியா, வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவாள். ஒன்றுக்கு இரண்டாகக் குழந்தைகள் பிறந்தபோதும் அவளுக்கு யாரும் கூட்டித் தரவில்லை. பாதிச் சம்பளத்தில் வீட்டில் அடுப்பெரியாதே என்று அவள் மூட்டை கட்டத் தொடங்கினாள். பதறிப்போன மகாராணி, விகடகவி இடும்பனை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"கவலை வேண்டாம், தாயே. மகாராஜாவின் ஆணையை அப்படியே நிறைவேற்றிவிடுகிறேன்" என்றான் இடும்பன்.

சவரம் செய்துகொண்டே அதிகாரிகளிடம் ராஜ்ஜிய நிலவரம் கேட்பது ராஜாவின் வழக்கம். மறுநாள் காலை அவர் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தார். எதிரே வழக்கமான நாவிதர் மருதன் இல்லை. யாரோ ஒரு தடியன், நடுங்கும் கத்தியோடு, வியர்வை வழிய வழிய நின்றான்.

"யாரப்பா நீ?"

"மடைப்பள்ளியில தேங்கா உரிக்கிறவன் சாமி. சவரக்கத்திய இன்னைக்குத்தான் தொடுறேன்."

ராஜா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இடும்பன் முன்னால் வந்து வணங்கினான்.

"மருதனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், மகாராஜா. இத்தனை வருஷமாகச் சவரம் செய்கிறான், ஒருநாள்கூட வியர்த்ததில்லை. இவனைப் பாருங்கள், ஆரம்பிக்கும் முன்பே குளித்துவிட்டான். ஆணைப்படி இவனுக்குத்தான் கூலி அதிகம்."

திருமேனியார் கொதித்தார். "தொட்டில் ஆட்டுவதும் மகாராஜாவின் கழுத்தில் கத்தி வைப்பதும் ஒன்றா?"

"இது இன்றைய ராஜாவின் கழுத்து, ஐயா. பொன்னாத்தாள் கையில் இருப்பது நாளைய ராஜாவின் கழுத்து. அது இன்னும் நிற்கக்கூட ஆரம்பிக்கவில்லை."

ராஜா தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் அவர் மீசை துடித்தது.

"திருமேனியாரே, புதியவர்கள் மேல் உமக்குத்தான் நம்பிக்கை அதிகம். முதலில் நீர் உட்காரும்."

உட்கார்ந்தார். கத்தி பக்கத்தில் வருவதற்குள் அவர் அங்கவஸ்திரம் தொப்பலாக நனைந்துவிட்டது. மருதனையே கூப்பிடுங்கள், அவன் என்ன கேட்டாலும் கொடுக்கலாம் என்று கெஞ்சினார்.

"கேட்டீர்களா, மகாராஜா?" என்றான் இடும்பன். "இவர் இப்போது வியர்த்ததற்கும் ஆணைப்படி கூலி உண்டு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணை அங்கேயே ரத்தானது. இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு சம்பளம், ஒன்பது பிள்ளைகளை வளர்த்த அனுபவத்துக்கு அதற்கு மேலும் ஒரு பங்கு என்று தீர்ப்புச் சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றி இடும்பன் கழுத்தில் போட்டார்.

செய்தியைத் தானே சொல்ல வேண்டுமென்று, சிரிப்பு அடங்காமலே அந்தப்புரத்துக்குள் நுழைந்தார். பொன்னாத்தாள் எழுந்திருக்கவில்லை. உதட்டில் விரலை வைத்துத் தொட்டில்களைக் காட்டினாள்.

ராஜா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நுனிக்காலில் நடந்து வெளியே போனார்.