ரெண்டு தடவை வந்த கூலி

உடுமலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அங்கே பாத்திரம் கழுவும் ஆறு பெண்களின் கூலி ஒன்பதாயிரத்தை அவர்களில் ஒருத்தியான செங்கமலத்தின் கணக்குக்கு மொத்தமாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தார் முதலாளி நாச்சிமுத்து. நாலு நாளாகியும் வரவில்லை.

ஆறு பேரும் ஆபீசுக்கே போய் நின்றார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பணம் கட்ட வந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பாவும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கே போன்ல அனுப்பிட்டேன். உனக்குப் பார்க்கத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?" என்று சிரித்தார் முதலாளி.

செங்கமலம் தன் போனை உற்றுப் பார்த்தாள். "அட, ஆமாங்க மொதலாளி! ரெண்டு தடவை வந்திருக்குதுங்க. பதினெட்டாயிரம்!"

முதலாளி துள்ளி எழுந்தார். "அதானே! தெரியாம ரெண்டு தடவை அழுத்திட்டேன். ஒண்ணை உடனே திருப்பி அனுப்பு!"

"அனுப்பறேனுங்க. பணம் போனதுக்கு நம்பர் வந்திருக்குமே, அந்த ரெண்டையும் காட்டுங்க."

முதலாளி திரையை மேலும் கீழும் தள்ளினார். ஒன்றுகூட இல்லை.

"எனக்கும் ஒண்ணுமே வரலீங்க," என்றாள் செங்கமலம். "நெசமா அனுப்பியிருந்தா, ஒரு தடவைதான் அனுப்பினேன்னு சொல்லியிருப்பீங்க."

கல்யாணப் பெண்ணின் அப்பா, கட்ட எடுத்த முன்பணத்தை மறுபடி பைக்குள் வைத்தார். அதைப் பார்த்ததும் முதலாளியின் விரல் போனில் பறந்தது. கணக்கில் ஒன்பதாயிரம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் செங்கமலம் நகர்ந்தாள். ஆறு பெண்களும் சிரித்த சிரிப்பு சமையல்கட்டு வரை கேட்டது.