தேன்மலையைத் தானம் வாங்காதவள்

முன்னொரு காலத்துல மருதக்கோட்டைச் சீமையைச் செண்பகமாறன்னு ஒரு ராசா ஆண்டாரு. நல்லவருதான், ஆனா காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவரோட அப்பா காலத்துல தேன்மலைச் சனங்களை அடிச்சு விரட்டி, மலையைச் சுத்தி முள்வேலி போட்டு, அரண்மனை வேட்டைக்காடு ஆக்கிட்டாங்க. பாவி மனுசங்க! இருபது வருசமா அந்தச் சனம் அடிவாரத்துல, வேலிக்கு வெளியே குடிசை போட்டுக் கிடந்துது.

மருதக்கோட்டையில உலகம்மைன்னு ஒரு உப்பு வியாபாரி இருந்தா. பெரும் பணக்காரி, புள்ளை குட்டி கிடையாது. சொத்தையெல்லாம் தர்மத்துக்கு விட நினைச்சு, மலைச்சனத்துக்குக் கஞ்சித்தொட்டி கட்டப்போறேன்னா. ஊரே புகழ்ந்துச்சு. அதோட நிக்காம நேரா குடிசைக்கே போயி, அந்தச் சனத்தோட தலைவி மசணிகிட்ட, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா. அதுவரைக்கும் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை, பாத்துக்கோங்க.

"கஞ்சி வேணாம்மா, எங்க மலை வேணும்"னா மசணி.

உலகம்மை அவளைக் கூட்டிக்கிட்டு அரண்மனைக்கு வந்தா. என்ன விலைன்னாலும் சரி, மலையை வாங்கி இவங்ககிட்ட ஒப்படைக்கிறேன்னா. ராசா தலையாட்டப் போனாரு. வேட்டைக்காட்டு அதிகாரி வன்மீகநாதனுக்கு வயித்தெரிச்சல் தாங்கலை. மலை போனா அவன் பதவியும் போயிடுமே! அரசன் மலையை விக்கிறது கௌரவமில்லை, தானமாவே கொடுத்துடலாம்னான். ஆனா வேலி அப்படியே இருக்கட்டும், கதவுச் சாவி என்கிட்ட இருக்கட்டும், வருசா வருசம் இவங்க சபைக்கு வந்து விழுந்து கும்பிட்டு நன்றி சொல்லட்டும்னான். ராசாவுக்கு அது இனிச்சுது. மூக்கு வச்ச கிண்டிச் செம்புல தண்ணி வந்துது. தானம்னா கொடுக்குறவர் தண்ணி வார்ப்பார், வாங்குறவர் கீழே கை ஏந்தணும்.

"கையை நீட்டு, மசணி"ன்னாரு ராசா.

அவ நீட்டலை. எனக்கும் ஒரு தானம் பண்ண ஆசை, அந்தக் கிண்டியைக் கொஞ்சம் கொடுங்கன்னு கேட்டா. சபை சிரிச்சுது. ராசாவும் விளையாட்டாக் கொடுத்தாரு. மசணி உலகம்மை பக்கம் திரும்பினா.

"கையை நீட்டுங்கம்மா. அதிகாரியோட மாந்தோப்பை உங்களுக்குத் தானமாத் தர்றேன். அவரு உங்ககிட்டக் கேட்டுட்டு வருசத்துக்கு ஒரு கூடை பழம் பொறுக்கிக்கட்டும்"னு தண்ணியைச் சாய்ச்சா.

வன்மீகநாதன் துள்ளிக் குதிச்சான். என் பாட்டன் வச்ச தோப்பு, அதைத் தூக்கிக் கொடுக்க நீ யாருடின்னு கத்தினான்.

"அதைத்தான் நானும் கேக்குறேன். எங்க மலையை எங்களுக்கே தானம் பண்ண நீங்கல்லாம் யாரு?"

ஒரு காவலன் வாளை உருவினான். ராசா அவனைக் கையமர்த்தினாரு. வெக்கமா இருந்துது அவருக்கு.

"வெறும் வாய் வார்த்தைக்கே உனக்கு இந்தக் கோவம் வருதே வன்மீகநாதா, இவங்க வீட்டையே பிடுங்கினோமே. போ, அந்த வேலியை உன் கையாலயே பிடுங்கு"ன்னாரு. விலையும் வேணாம், நிபந்தனையும் வேணாம், எங்கப்பா எடுத்ததைத் திருப்பிக் கொடுக்குறேன்னாரு. மசணியோட புத்தியை மெச்சி முத்துமாலையைக் கழட்டி நீட்டினாரு. அவ தொடக்கூட இல்லை.

அப்ப என் பணம் எதுக்குன்னு உலகம்மை கேட்டா. வேட்டைக்கு வழி பண்ண மலையில பாதி மரத்தை வெட்டிட்டாங்க, மரக்கன்னு வைக்கணும், வீடு கட்டணும், அதுக்குக் கொடுங்கன்னா மசணி. எந்த மரம், எந்த இடம்கிறதை மட்டும் நாங்க முடிவு பண்ணுவோம்னா. உலகம்மை அந்த நிமிசமே சரின்னுட்டா. கல்லுல என் பேரைக்கூட வெட்ட வேணாம்னுட்டா, மகராசி.

நான் வேட்டைக்கு வரணும்னா என்ன பண்றதுன்னு ராசா மெதுவாக் கேட்டாரு. எங்க மலையில ஏற நினைக்கிற யாரும் அடிவாரத்துல நின்னு குரல் கொடுக்கணும், மேலேருந்து வான்னு சொன்னாத்தான் ஏறணும், அதுதான் எங்க வழக்கம்னா மசணி.

மறு மாசமே ராசா பரிவாரத்தோட போனாரு. அடிவாரத்துல நின்னு குரல் கொடுத்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மேலேருந்து மசணியோட குரல் கேட்டுது.

"இது தேன் எடுக்குற மாசம், ராசா. இப்ப யாரும் வரக்கூடாது."

ராசா குதிரையைத் திருப்பிக்கிட்டு அரண்மனைக்குப் போனாரு.