செவலைக் கோழியைத் தெறந்து விடலாமா?

ஒரு ஊர்ல ஒரு ஒச்சம்மா இருந்தாளாம். அவ ஆசையா வளத்தது ஒரே ஒரு செவலைக் கோழி. அது முட்டையிட்டு அடைகெடந்து, வாசல் நெறையாக் குஞ்சு ஓடணும்னு அவளுக்குக் கொள்ளை ஆசை. ம் சொல்லு.

ஆனா அவ புருஷன் காசிமாயன் இருக்கானே, பெரிய பயந்தாங்கொள்ளி. வெளிய விட்டா பருந்து தூக்கிரும், கீரி கடிச்சிரும்னு நாள் பூராக் கோழியைப் பஞ்சாரத்துக்குள்ளயே கவுத்து வச்சிருப்பான். பஞ்சாரம்னா மூங்கில்ல பின்னுன பெரிய கூடை. உள்ள செவலை 'கொக்... கொக்...'னு மொணங்கிக்கிட்டே கெடக்கும். தெனம் காலையில ஒச்சம்மா அதைத் தூக்கி, பின்னாடி விரல் வச்சு முட்டை இருக்கான்னு பாப்பா. சிரிக்காதே, கோழி வளக்குறவக எல்லாரும் அப்படித்தான் பாப்பாக. முட்டையே இருக்காது. அடைஞ்சே கெடந்தா அது எப்படி முட்டை வைக்கும்?

அப்புறம் ஒருநாள் அவன் அந்தப் பக்கம் போனதும் இவ பஞ்சாரத்தைத் தூக்கிட்டா. செவலை 'படபட'ன்னு பறந்து, பக்கத்து வீட்டுப் பவுனுத்தாயி காயப்போட்ட கூழ்வத்தல்ல எறங்கி 'டொக் டொக் டொக்'. பவுனுத்தாயி வெளக்கமாத்தோட வந்து தெருவே கேக்க வஞ்சுட்டுப் போனா.

அப்போ இவ என்ன பண்ணா, அடுத்த நாள் கோழி கால்ல ஒரு கயித்தைக் கட்டி, மறுமுனையை மத்தியானம் தூங்கிக்கிட்டிருந்த புருஷனோட கால் கட்டைவெரல்ல கட்டிட்டா. அந்நேரம் பாத்து ஒரு ஈசல் பறந்துச்சு. செவலை 'விசுக்'னு பாய, காசிமாயன் பாம்புன்னு கட்டில் மேல ஏறி ஆடுறான் ஒரு ஆட்டம்!

முழிச்சிருக்கியா? ம்.

"விடுறதுதான்னா நானே மேய்க்கிறேன்"னு அப்புறம் அவன் கம்பெடுத்துட்டான். ஒத்தைக் கோழிக்கு ஒரு மேய்ப்பன்! ஊரே சிரிச்சுச்சு. அது குப்பையைக் கிண்ட, இவன் கம்பை ஊனிக்கிட்டு நிக்க, வெயிலு ஏற ஏற மரத்தடியில சித்த சாஞ்சான். 'கொர்ர்ர்...' முழிச்சுப் பாத்தா கோழியைக் காணோம்.

அன்னைக்கும் வரலை, மறுநாளும் வரலை. ஒச்சம்மா வேலி வேலியாப் போயி 'பா பா பா'ன்னு கூப்பிட்டா. நாமதானே மொதல்ல தெறந்து விட்டோம்னு அழுதா. சோறே எறங்கலை. அடைச்சு வச்சிருந்தா உசுராவது இருந்திருக்கும்னு நெனச்சு நெனச்சு ஏங்கிப் போயிட்டா.

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் ஒருநாள் காலையில வாசல் பெருக்குறா, தெருவுல 'கொக் கொக்'னு ஒரு சத்தம். பாத்தா செவலை! பின்னாடியே 'கீச் கீச் கீச்'னு குஞ்சுக. எவன் வைக்கப்போருலயோ முட்டையிட்டு, அங்கயே அடைகெடந்து பொரிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கு. ஒச்சம்மாவுக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு.

அப்போ காசிமாயன் மீசையைத் தடவிக்கிட்டு வந்து ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னான்: "நான் அன்னைக்கே சொன்னேன், கோழியை அடைச்சு வைக்கக் கூடாதுன்னு. கேட்டாளா இவ?"

ஒச்சம்மா பஞ்சாரத்தைத் தூக்கினா, 'டபக்'னு அவன் தலையில கவுத்துட்டா. அன்னையிலேருந்து பகல்ல செவலை வெளிய, காசிமாயன் உள்ள.

அம்புட்டுத்தான். கதை கூடு சேந்துருச்சு, நீயும் கண்ணை மூடு.